துட்டிக்கு வந்த ரோஜா மாலை

அவர் பேரை நான் எழுதப்போவதில்லை. நாலு வருஷம் என் பேரைத் தன் பலகையில் எழுதாமல் கடத்தியவர் அவர். இப்போது என் முறை. திருநெல்வேலி டவுனில் பல்வலி வந்தவர்கள் அந்தக் காலத்தில் முதலில் போய் உட்கார்ந்த இடம் அவருடையது. அவரை டாக்டர் என்று மட்டும் சொல்கிறேன், அது போதும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மெட்ராசில் பல் மருத்துவம் முடித்துவிட்டு ஊருக்கு வந்தேன். வீடு சேரன்மாதேவியில். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டுபோய் டாக்டர் முன்னால் நிறுத்தினார். "ஆறு மாசம் கூடமாட இருந்து கையைப் பழக்கட்டும். பெறவு இவ பேரையும் பலகையில போட்டுருவோம்" என்றார் டாக்டர். அப்பா வாசலில் நின்று அந்தப் பலகையை அண்ணாந்து பார்த்தார், என் பேர் எந்த இடத்தில் வரும் என்று. ஆறு மாதம் நாலு வருஷம் ஆயிற்று. பலகைக்கு இரண்டு தடவை புதுப் பெயிண்ட் அடித்தார்கள். என் பேர் மட்டும் ஏறவில்லை.

வேலைக்குக் குறைவில்லை. காலைப் பாசஞ்சரில் வந்து இறங்கினால் சாயங்காலம்வரை நின்ற கால்தான். வள்ளியூர்ச் சந்தை வியாபாரிகள், உவரிப் பக்கத்துக் கடல்காரர்கள், திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுத் திரும்பும் வழியில் கன்னம் வீங்கி இறங்குகிறவர்கள் என்று பெஞ்சு நிறைந்திருக்கும். "வாயத் தொறங்க" என்று சொல்வது டாக்டர். திறந்த வாய்க்குள் வேலை பார்ப்பது நான். போகும்போது, "டாக்டருக்கு நல்ல கைராசி" என்று அவரைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். கை என்னுடையது, ராசி அவருடையது.

டாக்டர்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது விதி. அவர் அந்த விதியை ஒருநாளும் மீறியதில்லை. அவருக்குத் துட்டி வீடு இருந்தது. சாவு வீட்டுக்குப் போய் விசாரித்துவிட்டு வருவதை எங்கள் பக்கம் துட்டி கேட்பது என்போம். டாக்டர் காலையில் வரும் வழியிலேயே சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களைப் பார்த்துக்கொண்டு வருவார். பார்க்கத் தவறினால் கம்பவுண்டர் சொல்லிவிடுவார். பத்து மணிக்கு ஒரு ரோஜா மாலையோடு அங்கே போய், முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, செத்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லுவார். ஊரையே உலையில் போட்ட ஒரு வட்டிக்காரரைக்கூட அவர் கர்ணன் என்று சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

"கல்யாண வீட்டுக்கு வரலேன்னா மன்னிச்சிருவான். துட்டி கேக்க வரலேன்னா ஏழு தலைமுறைக்கு மறக்கமாட்டான்" என்று எனக்குப் பாடம் சொன்னார். "அங்கதான் ஊரே சோலி இல்லாம உக்காந்திருக்கும். நம்ம மூஞ்சி அங்கன தெரியணும், பாத்துக்கோ." அவர் சொன்னது சரிதான். காரியம் கழிந்த மறுவாரம் அந்த வீட்டு ஆட்கள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு எங்கள் பெஞ்சில் இருப்பார்கள்.

ஒருநாள் பாத்திரக்கடை அண்ணாச்சியின் அம்மா வந்தார். எல்லாருக்கும் அவர் ஆச்சி. இடது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தை. பெரிய வீட்டு ஆள் என்பதால் டாக்டரே பல் பிடுங்கும் குறடு எடுத்தார். பத்து மணி ஆகிவிட்டது, மாலை வாங்கியாயிற்று, துட்டி வீட்டில் கூட்டம் கலைந்துவிடும் என்ற அவசரம் அவருக்கு. நான் அடுத்த நாற்காலியில் வேறு ஒருவருக்குப் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தேன். ஒரே இழுப்பு. ஆச்சி ரத்தத்தைத் துப்பிவிட்டு வீட்டுக்குப் போனார். டாக்டர் துட்டிக்குப் போனார்.

மறுநாள் அண்ணாச்சி கத்திக்கொண்டே உள்ளே வந்தார். வலித்த பல் அப்படியே இருக்கிறது, பக்கத்தில் இருந்த கல் மாதிரியான நல்ல பல்லைக் காணோம். பெஞ்சு முழுக்க ஆட்கள். டாக்டர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, எத்தன தடவ சொல்லியிருக்கேன், சொத்தை எதுன்னு பாத்துக் கொறடு போடுன்னு?"

அதுவரை அவர் என்னை ஏட்டி என்று கூப்பிட்டதில்லை. அண்ணாச்சி என்னை ஏசத் தொடங்கினார். நான் டாக்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன், இப்போது சொல்லுவார், இப்போது சொல்லுவார் என்று. அண்ணாச்சி போன பிறகு உள் அறையில் வைத்துக் கேட்டேன், "என் பேரைக் கெடுத்துட்டீங்களே சார்?"

அவர் கை கழுவிக்கொண்டே சொன்னார், "விடு. கெட்டுப்போறதுக்கு உனக்கு என்ன பேரு இருக்கு? எனக்குல்லா இருக்கு."

அன்று மத்தியானமே கிளம்பிவிட்டேன். பாசஞ்சர் வர நேரம் இருந்தது. ஜங்ஷன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதேன். பிறகு அழுகை நின்று வேறு ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அது கோபம் என்றால் ஆறியிருக்கும். இது ஆறுகிற வகை இல்லை.

அவர் கிளினிக்கிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஷட்டர் போட்ட ஒரு கடையை வாடகைக்குப் பிடித்தேன். பழைய நாற்காலி ஒன்றை வாங்கிப்போட்டேன். வாசலில் பலகை. பெயிண்டர் எழுத்து எவ்வளவு பெரிசு என்று கேட்டார். பலகை கொள்ளும் மட்டும் என்றேன். தெருமுனையில் திரும்பும்போதே என் பேர் தெரிந்தது. ஆனால் யாரும் வரவில்லை. முதல் வாரம் உள்ளே வந்தவர் ஒரே ஒரு ஆள், அவரும் டாக்டர் வீட்டுக்கு வழி கேட்டார்.

நோட்டீஸ் அடித்துப் பேப்பருக்குள் வைத்துக் கொடுத்தேன். அதில் கடலை மடித்தார்கள். தியேட்டரில் சிலைடு போட்டேன். இடைவேளைக்கு விளக்குப் போட்ட உடனே ஆள் எல்லாம் முறுக்கு வாங்க வெளியே போய்விட, காலி நாற்காலிகள் என் பேரைப் படித்தன. மணிமுத்தாறு பக்கம் ஒரு ஊரில் பள்ளிக்கூடத்தில் இலவச முகாம் வைத்தேன். அங்கே ஒரு அம்மா வாயைத் திறப்பதற்கு முன் என்னை ஏற இறங்கப் பார்த்துக் கேட்டாள், "ஆச்சிக்கு நல்ல பல்லப் புடுங்குன பிள்ள நீதானா?" டவுனில் சொன்ன பொய் மலையடிவாரம்வரைக்கும் எனக்கு முன்னால் பஸ் ஏறிப் போயிருந்தது. பேர் இல்லை என்றாரே, இப்போது ஒன்று இருந்தது. அதைத் துடைக்காமல் நான் எத்தனை நோட்டீஸ் அடித்தும் பிரயோஜனமில்லை என்று அன்றைக்குத்தான் விளங்கிற்று.

நோட்டீஸ் அடித்துத் தந்த பிரஸ் அண்ணாச்சிதான் போஸ்டர் யோசனை சொன்னார். "டாக்டரம்மா, செவுத்துல ஒட்டணும். போட்டோ இருந்தா நின்னு பாப்பான்." விதி ஒருபுறம் இருக்கட்டும், விலாசம் சொல்லும் அறிவிப்புத்தானே என்று நானும் சரி என்றேன். பட்டம் வாங்கியபோது எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் கொடுத்தேன். அவர் பிழைப்பில் முக்கால்வாசி கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் என் மண்டையில் உறைக்கவில்லை.

கை பழகிய வேலையைத்தானே செய்யும்? நடுவில் முட்டை வடிவத்தில் என் படம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. சுற்றிலும் கறுப்புக் கட்டம். படத்துக்குக் கீழே என் பேரும் படிப்பும். அதற்கும் கீழே, பல் ஆஸ்பத்திரி, விலாசம், அனைவரும் வருக. ஒட்டுகிற ஆளும் தன் வழக்கப்படி சாவுப் போஸ்டர் ஒட்டும் இடமாகப் பார்த்தே ஒட்டியிருக்கிறார், கோயில் வாசல், பஸ் நிறுத்தம், மார்க்கெட் சுவர் என்று. மறுநாள் வெள்ளிக்கிழமை. படம் மாறும் நாள். தியேட்டர்க்காரர்கள் புதுப் படத்தின் போஸ்டரைக் கொண்டுவந்து என் போஸ்டரின் கீழ்ப்பாதியில் ஒட்டிவிட்டுப் போனார்கள். மேலே மிச்சம் இருந்தது நானும் இரண்டு விளக்குகளும்.

சனிக்கிழமை காலை முதலில் வந்தது அம்மா. ஜங்ஷனில் போஸ்டரைப் பார்த்த உறவுக்காரர் ஒருவர் சேரன்மாதேவிக்குப் போன் போட்டுவிட்டார். நான் அன்றைக்கு அம்மா எழுவதற்கு முன்பே முதல் பஸ்ஸில் கிளம்பி வந்துவிட்டேன். அடுத்த பஸ்ஸில் அம்மா தலைவிரி கோலமாக வந்து இறங்கினாள். என்னை உயிரோடு பார்த்ததும் கட்டிப்பிடிக்கவில்லை, முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகுதான் அழுதாள். அந்த அழுகையை அவளால் நிறுத்தவே முடியவில்லை.

பிரஸ் அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "வெளக்கு மங்களந்தானம்மா?" என்றார். அவரை என்ன செய்ய? அதற்குள் தெருக்காரர்கள் ஒவ்வொருவராகத் துட்டிக்கு வந்து, என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு, சிரித்து, போகாமல் அங்கேயே நின்றார்கள். போஸ்டரைப் பார்த்து ஆள் வரும் என்று நான் எடுத்த வாடகை நாற்காலிகள் உள்ளே கிடந்தன. அவர்களே எடுத்து வெளியே போட்டுக்கொண்டார்கள்.

அப்போது ஆச்சி வந்தார். பாத்திரக்கடை அந்தத் தெருவின் கடைசியில்தான். என்னைப் பார்த்ததும் அவர் திடுக்கிடவில்லை. கிட்டே வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மோதிரம் போடுவியா?"

"இல்ல ஆச்சி."

"அன்னைக்கு எம் பல்ல எடுத்த கையில மோதிரம் இருந்துச்சு. கன்னத்துல குத்துச்சு. கண்ண மூடியிருந்தாலும் கன்னத்துக்குத் தெரியாதா? எம் மகன்ட்ட சொன்னேன். டாக்டர் பொய் சொல்லுவாரான்னு என்னையே ஏசுதான்."

டாக்டரின் வலது கையில் நவரத்தின மோதிரம் இருப்பது ஊருக்கே தெரியும். அம்மா, போஸ்டரை எல்லாம் உடனே கிழிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். உயிரோடு இருக்கிற பெண்ணுக்கு ஆகாது என்றாள். ஆச்சி கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்பதரை.

"பைய கிழிக்கலாம்" என்றார். "அவரு துட்டிக்கு வராம இருக்கமாட்டாரு."

அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆச்சி ஆள் அனுப்பிக் கடையிலிருந்து மகனை வரவழைத்தார். "வாயத் தொறக்காம எம் பக்கத்துல உக்காரு" என்றார். என்னை உள்ளே அனுப்பி ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார். நாற்காலியில் இருந்தவர்களுக்கு ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. வேடிக்கை என்றால் டவுன்காரன் சோற்றை மறப்பான். எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்கள். அம்மாவுக்கு நடிக்கும் வேலையே இல்லை. அவள் இன்னும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

பத்து மணிக்கு டாக்டர் வந்தார். பின்னால் கம்பவுண்டர், கையில் ரோஜா மாலை. ஷட்டர் இடுக்கில் எனக்கு அவருடைய செருப்பும் வேட்டிக் கரையும் தெரிந்தன. டாக்டர் என் அம்மாவுக்கு முன்னால் நின்று, "எம் பிள்ள மாதிரில்லா வச்சிருந்தேன்" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டேன். வழக்கம்போல முன்வரிசையில், ஆச்சிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வழக்கம்போலவே தொடங்கினார்.

"கைன்னா அது கை. எங்கிட்ட இருந்த நாலு வருசமும் வேலை பூரா அந்தப் பிள்ளதான். என் கைராசின்னு ஊரு சொல்லுது. நெசத்துக்கு அது அந்தப் பிள்ள கைராசி."

இதை அவர் தெரிந்து வைத்திருந்தார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. தெரியாமல் செய்திருந்தால் முட்டாள் என்று விட்டிருப்பேன். என்னை உயிரோடு வைத்து இந்த நாலு வார்த்தையைச் சொல்லியிருந்தால் நான் அவரிடமே கிழவியாகியிருப்பேன்.

ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று அவர் வாயிலிருந்து ஒரு பொய்கூட வரவில்லை, அதை நான் சாட்சி சொல்லுவேன்.

"கல்யாணம் ஆவாத பிள்ள" என்றார். "மனசு பூரா கொறை. செய்யாத தப்பைத் தலையில சுமத்திட்டாவளே. கன்னிப்பிள்ள கொறை சும்மா விடுமா? யாரு பழி போட்டாவளோ அவுக வீட்டு நடையிலல்லா வந்து நிக்கும்."

எங்கள் பக்கத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. மனக்குறையோடு செத்துப்போன கன்னிப்பெண்ணுக்குச் சேலை எடுத்துப் படைக்காத வீடு குறைவு. படைக்காவிட்டால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். மெட்ராசில் படித்த டாக்டருக்கும் தெரியும். அவர் கை மோதிரத்தைத் திருகத் தொடங்கியது என்று பிறகு சொன்னார்கள். குரல் மாறியதை நானே கேட்டேன்.

"ஆச்சி" என்றார் மெதுவாக. "அந்தப் பல்ல எடுத்தது நான்தான். அவசரத்துல எடுத்துட்டேன். அண்ணாச்சி வந்து சத்தம் போடவும் அந்தப் பிள்ள மேல சாட்டிட்டேன். அது மனசு ஆறணும்னு நீங்களும் கும்பிட்டுக்கிடுங்க."

பாத்திரக்கடை அண்ணாச்சி எழுந்து நின்றது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. நான் ஷட்டரைத் தூக்கினேன். அது கிரீச்சிட்டுக்கொண்டு மேலே போயிற்று.

எத்தனையோ ராத்திரி படுக்கையில் கோத்துவைத்த வசைகள் இருந்தன. அதில் ஒன்றையும் எடுக்கவில்லை. அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்ததைப் பார்த்துக்கொண்டே கேட்டேன், "அப்ப எனக்கும் ஒரு பேரு இருந்திருக்குல்லா, சார்?"

அவர் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "போஸ்டர்ல..." என்று எதையோ தொடங்கினார். தெரு சிரிக்க ஆரம்பித்துவிட்டது. "டாக்டரே, இங்கன வாரும்வே" என்று பாத்திரக்கடை அண்ணாச்சி கையை நீட்டுவதற்குள் அவர் தெருமுனை திரும்பிவிட்டார். கம்பவுண்டர் மாலையோடு முழித்துக்கொண்டு நின்றார். நான் அதை வாங்கி, ஒரு நாற்காலி மேல் ஏறி, பலகையில் என் பேருக்குப் போட்டேன். அம்மா அபசகுனம் என்று தலையில் அடித்துக்கொண்டாள். ரோஜா கருகி உதிரும்வரை நான் அதைக் கழற்றவில்லை.

அன்று முதல் ஆளாக நாற்காலியில் ஏறி உட்கார்ந்தது ஆச்சி. "அந்தச் சொத்தை இன்னும் அங்கனதான் கெடக்கு" என்று வாயைத் திறந்தார். இத்தனை மாதமும் கிராம்புத் தைலத்தை வைத்துக்கொண்டு, வேறு யார் கையும் படவிடாமல் வைத்திருந்தாராம். எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். அதைத் துணியில் முடிந்து கொண்டுபோய் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். திங்கட்கிழமை என் பெஞ்சில் இடம் இல்லை.

டாக்டர் அதற்காக ஒன்றும் தெருவுக்கு வந்துவிடவில்லை. கிளினிக் நடந்தது, பெஞ்சுதான் வரவரக் காலியாயிற்று. துட்டி வீடுகளுக்குப் போவதை அவர் நிறுத்திவிட்டார். போனால் யாராவது ஒருவர், "டாக்டரே, ஆளு நெசமாவே செத்துட்டானான்னு பாத்துட்டுப் பேசும்" என்று சொல்லிவிடுவார்கள். நான் போகத் தொடங்கினேன். பத்து மணிக்கு, மாலையோடு, முன்வரிசைக்கு.

தொண்ணூறுகள் முடிவதற்குள் அவரும் போய்ச் சேர்ந்தார். அதே பிரஸ், அதே குத்துவிளக்குகள். இந்தத் தடவை போஸ்டரைக் கீழ்வரைக்கும் நின்று படித்தேன். அவர் எனக்குக் கொண்டுவந்த அளவுக்கே ஒரு ரோஜா மாலை வாங்கிக்கொண்டு போனேன். கூட்டம் நிறைய. முன்வரிசையில் எனக்கு நாற்காலி விட்டார்கள். அவருடைய வெளியூர்ச் சொந்தக்காரர் ஒருவர், விவரம் தெரியாதவர், "நீங்க அவர்ட்ட வேலை பாத்தவங்களாமே, ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்" என்றார்.

துட்டி வீட்டில் நல்லதைத்தான் சொல்லவேண்டும். சொன்னேன்.

"டாக்டர் அவுக ஆயுசுல ஒரு நல்ல பல்லத் தப்பா எடுத்ததில்ல."

வெளியூர்க்காரர் தலையாட்டினார். டவுன்காரர்கள் ஒருவர்பின் ஒருவராகக் குனிந்து தரையைப் பார்த்தார்கள். யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். அவருடைய மனைவி மட்டும் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்கும் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஏசினாள், செத்தவரிடம் என்னட்டி பகை என்று. தப்புதான். மறுபடி வாய்த்தாலும் அதையேதான் சொல்லுவேன்.

மறுவாரம் அந்தத் துட்டி வீட்டிலிருந்து மூன்று பேர் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள்.